ஒரே தலையில் முழு வீடு: வேலூர்ப் பக்கம் வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள், காட்பாடியில் சென்னை ரயில் ஏறுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஸ்கூலிலும் காலேஜிலும் பாடம் எடுக்கிறவர்கள். பிள்ளையை வளர்த்துக்கொண்டே சம்பாதிக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் அடங்கிவிடும். எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "நேரமே பத்தல."

நேரம் பத்தாதது பாதிக் கதை. வீட்டில் நடக்க வேண்டிய அத்தனையையும் ஒரே ஆள் ஞாபகம் வைத்திருப்பது மீதிப் பாதி. மாவு தீரப்போகிறது, வேன் ஃபீஸ் கட்டணும், சின்னவனுக்கு ஷூ இறுக்குது, மாமியாருக்குச் சுகர் மாத்திரை மூணு நாளைக்குத்தான் இருக்கு, வெள்ளிக்கிழமை பெரியவளுக்குக் கலர் டிரஸ். இவ்வளவும் ஒரு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், கை சும்மா இருக்கிற நேரத்திலும் அந்த ஆளுக்கு ஓய்வு கிடையாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே குறிதான்: வேலையைப் பிரிப்பதற்கு முன்னால், ஞாபகம் வைக்கும் பொறுப்பைப் பிரிப்பது.

படிகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றுக்கு இரண்டு வாரமாவது விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கினால் புதன்கிழமையே வீடு பழையபடி ஆகிவிடும்.

முதல் படி: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பேனாவை நூலில் கட்டி அடுப்படி ஷெல்ஃபில் தொங்கவிடுங்கள். போனில் வேண்டாம். போனில் எழுதினால் அதுவும் ஒருவர் கையில்தான் இருக்கும். நோட்டு என்றால் வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்: என்ன வேலை, யார் செய்தது, யார் ஞாபகப்படுத்தியது.

மூன்றாவது பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. "கேஸ் சிலிண்டர் புக் பண்ணது: அப்பா. ஞாபகப்படுத்தியது: அம்மா." "பால் வாங்கினது: பையன். ஞாபகப்படுத்தியது: அம்மா." ஒரு வாரத்தில் அந்தப் பத்தி முழுக்க ஒரே பேர் வந்தால், களைப்பு எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டே சொல்லிவிடும்.

நாடு முழுக்க எடுத்த கணக்கும் இதையே காட்டுகிறது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கியிருக்கிறதே தவிர, இடைவெளி அப்படியே நிற்கிறது. இதெல்லாம் கை செய்த வேலையின் கணக்கு. ரயிலில் நின்றுகொண்டே "நாளைக்கு என்ன டிபன்" என்று யோசித்த நிமிடங்கள் இதில் சேராது.

பரீட்சை வாரத்திலோ பண்டிகை வாரத்திலோ எழுதாதீர்கள். சாதாரண வாரம் ஒன்றை எடுங்கள். எழுதும்போது யாரும் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குத்திக்காட்டும் கருவியாகிவிட்டால் அந்த நோட்டு இரண்டே நாளில் காணாமல் போகும்.

இரண்டாம் படி: அடிக்க வேண்டியதை அடியுங்கள்

வாரம் முடிந்ததும் வேலையைப் பங்கு போட உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் குறையுங்கள். தேவையில்லாத வேலையைச் சமமாகப் பிரித்தால் இரண்டு பேர் களைப்பதுதான் மிச்சம்.

ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி: இது ஒரு மாதம் நடக்காமல் போனால் யாருக்குக் கஷ்டம்? "யாருக்கும் இல்ல, ஆனா நாலு பேரு என்னா நினைப்பாங்க" என்று பதில் வந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். தினமும் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணுவது, காலையில் இட்லிக்கு இரண்டு சட்னி, வாரா வாரம் வீடு கழுவிவிடுவது எல்லாம் இதில் போகும்.

விசேஷங்கள் தனிக் கணக்கு. தை, வைகாசி, ஆவணி வந்தால் பத்திரிகை குவியும். எல்லா முகூர்த்தத்துக்கும் குடும்பத்தோடு கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றே மிஞ்சாது. நெருங்கிய சொந்தம் என்றால் எல்லோரும். மற்றதற்கு ஒருவர் மட்டும் ரிசப்ஷனுக்குப் போய் மொய் எழுதிவிட்டு வரலாம். இதை முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

வேலூர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு பாரமும் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்ட வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து நம் வீட்டில் தங்குவது. உடம்பு சரியில்லாமல் வருகிறவர்களை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் வருவதற்கு முன்பே போனில் தெளிவாகப் பேசலாம்: "தாராளமா வாங்க மாமா. சாவி பக்கத்து வீட்ல இருக்கும். சோறு, குழம்பு செஞ்சு வெச்சிட்டுப் போவேன். கூட ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, லீவு இல்ல." இப்படிச் சொன்னதற்காக உறவு முறிந்ததாக நான் பார்த்ததில்லை. எதுவும் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதுதான் உறவைக் கெடுக்கிறது.

பிள்ளைகளின் கிளாஸ்களையும் பாருங்கள். டியூஷன், இந்தி, கராத்தே, அபாகஸ் என்று நான்கு வைத்தால் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஒருவர் ஆயுள் முழுக்க வண்டியிலேயே இருக்க வேண்டியதுதான். பிள்ளையையே கேட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேனில் போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற பிள்ளைக்கு அந்த ஒன்றே அதிகம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மனசாரப் பயன்படுத்துங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை விரிந்த திட்டம் அது. "ஸ்கூல்ல சாப்பிட்டா நம்மள என்னா நினைப்பாங்க" என்று வீட்டிலும் ஒரு தடவை ஊட்டி அனுப்புகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய சொத்து.

அடிக்கவே கூடாதது ஒன்று உண்டு, அது தூக்கம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. பதின்வயதில் 8 முதல் 10. காலை ஆறுக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை ராத்திரி ஒன்பதுக்குள் தூங்கியிருந்தால்தான் குறைந்தபட்ச அளவே கிடைக்கும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: எட்டரைக்குப் படுக்கை, எட்டுக்குள் சாப்பாடு, அதற்கு முன் ஹோம்வொர்க். மாலை முழுவதையும் இந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: அசையாத நேரங்களை முதலில் குறியுங்கள்

ரயில், கம்பெனி பஸ், வேன், ஷிப்ட் பெல், குழாயில் தண்ணீர் விடும் நேரம். நம் சௌகரியத்துக்கு அசையாதவை இவை. ஒரு தாளில் இவற்றை மட்டும் எழுதுங்கள். பிறகு இடைப்பட்ட பயண நேரத்தை உண்மையாக எழுதுங்கள். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு மேப் சொல்லும் நேரம் வேறு, காலை எட்டரைக்குக் கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டு போகிற நேரம் வேறு. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ஆபீஸ் நாற்காலியில் உட்காரும் வரை என்று அளக்க வேண்டும். வண்டி நிறுத்துவது, ஸ்டேஷன் படியேறுவது, கம்பெனி கேட்டில் பஞ்ச் வைப்பது எல்லாம் அதற்குள் சேரும்.

அடுத்தடுத்த இரண்டு அசையாத நேரங்களுக்கு நடுவில் கால் மணி நேரமாவது எதுவும் வைக்காமல் விடுங்கள். சாக்ஸ் காணோம், வண்டியில் பெட்ரோல் இல்லை, வேன் லேட் என்று தினமும் ஏதாவது ஒன்று வரத்தான் போகிறது. அதற்கென்று இடம் ஒதுக்காத அட்டவணைதான் காலையில் பிள்ளையைத் திட்ட வைக்கிறது.

ஷிப்ட் வேலை பார்க்கும் வீடுகளுக்குப் பெரும்பாலான அறிவுரைகள் உதவாது. தினமும் ஒரே நாள் திரும்பி வரும் என்று நினைத்துச் சொல்லப்பட்டவை அவை. உங்களுக்கு ஒரு அட்டவணை போதாது, மூன்று வேண்டும். காலை ஷிப்ட் வாரத்துக்கு ஒரு தாள், மதிய ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று, நைட்டுக்கு ஒன்று. யார் பிள்ளையை எழுப்புவது, யார் வேன் ஏற்றுவது, யார் சாயந்திரம் வீட்டில் இருப்பது என்று மூன்றிலும் தனித்தனியாக எழுதி, அந்த வாரத்துத் தாளை மட்டும் ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். நைட் ஷிப்ட் தாளில் பகல் தூக்கத்துக்கான நேரத்தைத் தடித்த கோட்டில் கட்டம் கட்டுங்கள். அந்த நேரத்தில் காலிங் பெல்லை யார் பார்ப்பது, கூரியர் வந்தால் எந்த வீட்டில் கொடுப்பது என்பது வரை எழுத வேண்டும். "வீட்லதான இருக்கா" என்று பகலில் எழுப்பப்படுகிற நர்ஸுகள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நான்காம் படி: வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு வேலைக்கு மூன்று பகுதி உண்டு. அது தேவை என்று கவனிப்பது, எப்போது எப்படி என்று முடிவெடுப்பது, செய்து முடிப்பது. நம் வீடுகளில் மூன்றாவதை மட்டும்தான் கைமாற்றுகிறோம். அதற்குப் பெயர் உதவி. பாரம் அப்படியே பழைய தலையில்தான் இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது பிரிவினை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடந்தது இப்படி. கணவர் தினமும் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயில், மனைவிக்கு ராணிப்பேட்டையில் வேலை, கூடவே மாமியார்.

"ஏங்க, ஸ்கூல் வேலை மொத்தமும் இனிமே உங்க கணக்கு."

"சரி. என்னென்ன பண்ணணும்னு சொல்லு, செஞ்சிடறேன்."

"அதச் சொல்றதேதாங்க எனக்கு வேலையா இருக்குது. அதையும் சேத்து நீங்களே பாத்துக்கங்க. குரூப் மெசேஜ் நீங்க படிங்க, டைரி நீங்க பாருங்க, ஃபீஸ் தேதி நீங்க வெச்சுக்கங்க."

ஹாலிலிருந்து மாமியார், "இன்னாமா இது, விடிகாலைல ரயில் ஏறிப் போற புள்ள. அவன் தலைல இதையும் கட்டறியே" என்றார்.

"அத்தை, ரெண்டு மணி நேரம் ரயில்ல உக்காந்துகினுதான போறாரு. இது உக்காந்துகினே பாக்கற வேலைதான்."

காட்பாடிக்கும் சென்னைக்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தவருக்கு அந்த நேரத்தில் ஃபீஸ் கட்டலாம், மருந்து ஆர்டர் போடலாம், டாக்டரிடம் டோக்கன் வாங்கலாம், ஸ்கூல் மெசேஜ் படித்துக் காலண்டருக்கு வேண்டியதைக் குறித்துக்கொள்ளலாம். அந்தக் கணவர் முதல் வாரத்திலேயே பச்சைக் கலர் டிரஸ் நாளைத் தவறவிட்டார். மனைவி குரூப்பில் மெசேஜைப் பார்த்திருந்தும் வாய் திறக்கவில்லை. பிள்ளை யூனிஃபார்மில் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் ரயில் அரக்கோணம் தாண்டியதும் குரூப்பைத் திறந்துவிடுகிறார். அன்று மனைவி ஞாபகப்படுத்தியிருந்தால் அந்த வேலை அன்றைக்கே மறுபடி மனைவியிடமே வந்து சேர்ந்திருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் எல்லை வேண்டும். டிரஸ், சார்ட் பேப்பர், பிக்னிக் காசு தவறினால் தவறட்டும். மருந்து, தடுப்பூசி, பரீட்சை, பிள்ளையைக் கூட்டிவரும் நேரம் ஆகியவற்றில் யாருக்கு ஞாபகம் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். இந்த நான்கையும் முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஊரில் இல்லாத அப்பாவுக்கும் பங்கு உண்டு. நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போன வீடுகள் ஏராளம். கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்கிறோம். வருடத்தில் பெரும்பகுதி அம்மா தனியாகவே வீட்டை நடத்துகிறார். சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருக்கும் அப்பா என்றால் கரண்ட் பில், இன்ஷூரன்ஸ், ரீசார்ஜ், சிலிண்டர், ஃபீஸ் முழுவதையும் எங்கிருந்தும் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் கணக்குப் பாடம் கேட்கலாம். "பத்திரமா பாத்துக்கோ" என்பதோடு நிற்காமல், "கரண்ட் பில் இந்த மாசம் நம்மளுது, நான் கட்டிட்டேன்" என்று அங்கிருந்து வரும் ஒரு மெசேஜ் அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெம்பு தரும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு, பிரித்துக்கொள்ள வீட்டுக்குள் ஆள் இல்லை. அப்போது ஒரே வேனில் பிள்ளை அனுப்பும் பக்கத்து வீட்டோடு முறை வைத்துக்கொள்ளலாம்: ஒரு வாரம் நீங்கள் வேன் ஏற்றிவிடுங்கள், ஒரு வாரம் அவர்கள். வாங்கிக்கொண்டே இருந்தால் கூச்சம் வரும். முறை என்று வைத்தால் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கலாம்.

ஆயா, தாத்தா இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் வீட்டில் இருப்பதாலேயே எல்லா மிச்சமும் அவர்கள் மேல் போய் விழுகிறது. அறுபத்தைந்து வயதில் முட்டி வலியோடு மூன்று வயதுப் பேரனைத் துரத்துவது லேசான வேலை இல்லை. அவர்களிடம் கேட்டு, அவர்கள் விரும்புகிற ஒன்றிரண்டை மட்டும் கொடுங்கள். கதை சொல்லிச் சோறு ஊட்டுவது, வேன் வரும்போது தெருமுனையில் நிற்பது போல. அவர்களுடைய பிரஷர், சுகர் செக்கப் தேதியும் நோட்டில் ஒரு வேலையாக வர வேண்டும், அதற்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

பிள்ளைகளுக்கும் முழு வேலை கொடுக்கலாம். ஐந்து வயதில் தண்ணீர் பாட்டிலும் சாக்ஸும். எட்டு வயதில் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்குவது. பதினொன்றில் தன் யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டு மடித்து வைப்பது, பெரியவர் பக்கத்தில் நிற்க ஒரு தோசை சுடுவது. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல்தான். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெண்ணிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுத்து வளர்த்தால், இருபது வருடம் கழித்து இன்னொரு வீட்டு நோட்டில் மூன்றாவது பத்தி மறுபடி ஒரே பேரால் நிரம்பும்.

ஐந்தாம் படி: அடுப்படியை வாரக் கணக்கில் நடத்துங்கள்

தினமும் "என்ன சமைக்கிறது" என்று யோசிப்பது சமையலை விடக் களைப்பு. கிழமைக்கு ஒரு குழம்பு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் காராமணிக் குழம்பு, புதன் கீரைக் கடைசல், வியாழன் ரசமும் பொரியலும், வெள்ளி கலந்த சாதம். பிள்ளைகள் சலித்துக்கொண்டால் மாதத்துக்கு ஒரு தடவை பட்டியலை அவர்களே மாற்றட்டும்.

மாவு வாரத்துக்கு இரண்டு முறை: சனி ஒன்று, புதன் ஒன்று. வேலூர் வெயிலுக்கு ஒரே முறை அரைத்து வாரம் முழுக்க ஓட்ட நினைத்தால் வியாழக்கிழமை தோசை புளித்துப் பல் கூசும். ஏப்ரல், மே மாதங்களில் சாயந்திரம் ஆறுக்கு அரைத்த மாவு ராத்திரிக்குள்ளேயே பொங்கி நிற்கும்; படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மார்கழியில் அதே மாவுக்கு விடிய விடிய நேரம் வேண்டும்.

முன்கூட்டி வெட்டி வைக்கும் காய் எது, கூடாத காய் எது என்று தெரிந்திருந்தால் காலையில் நிறைய மிச்சம். பீன்ஸ், கேரட், கோஸ் வெட்டி ஈரமில்லாத டப்பாவில் துணி விரித்து வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். கீரையை ஆய்ந்து, கழுவாமல் பேப்பரில் சுற்றி வையுங்கள், கழுவினால் அழுகிவிடும். கத்தரிக்காயை வெட்டி வைக்க முடியாது, கறுத்துப்போகும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் ஞாயிற்றுக்கிழமைக்கு என்றே இருக்கட்டும். அவசரத்தில் சமைக்கிற காய் இல்லை அது. புளியை மொத்தமாகக் கரைத்துக் கொதிக்கவிட்டு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வாரம் முழுக்க ஒரு கரண்டியில் வேலை முடியும். வெங்காயம் தக்காளித் தொக்கும் அப்படியே.

வெயில் நாளில் டிபன் பாக்ஸுக்கு ஒரு கவனம். அக்னி நட்சத்திரத்தில் இங்கே நாற்பது டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தயிர்சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் மத்தியானம் சாப்பிடும்போது சரியான பதத்தில் இருக்கும். தேங்காய் அரைத்த குழம்பைக் கொடுத்தனுப்ப வேண்டாம். ராத்திரி மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விட்டிருந்தால், காலையில் தாளித்து லெமன் சாதமாக்கி பிள்ளைக்குக் கட்டாதீர்கள். சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது.

வெளியில் வாங்குவதைக் குற்றமாக நினைக்காதீர்கள். வாரத்தில் ஒரு ராத்திரி கடை இட்லியோ, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆம்பூர் பிரியாணியோ, முதலிலேயே பட்டியலில் எழுதி வாங்குங்கள்.

ஆறாம் படி: காலை நேரத்தை ராத்திரியே முடியுங்கள்

இதில் விரிக்க ஒன்றுமில்லை. பை, ஷூ, பெல்ட், ஐடி கார்டு, வண்டிச் சாவி, உங்கள் ஹேண்ட்பேக் எல்லாம் வாசல் பக்கத்தில் ஒரே இடத்தில். டைரியில் கையெழுத்து ராத்திரியே. காலையில் தேடுவதற்கு எதுவும் இருக்கக்கூடாது, முடிவெடுப்பதற்கும் எதுவும் இருக்கக்கூடாது.

ஏழாம் படி: ஜுரம் வந்த நாளுக்கு முன்பே ஏற்பாடு

பிள்ளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கொதிக்கும்போது "நீ லீவு போடறியா, நான் போடட்டுமா" என்று பேசத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். நன்றாக இருக்கும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். முதல் நாள் யார், இரண்டாம் நாள் யார், மூன்றாம் நாள் யாரைக் கூப்பிடுவது. ஒற்றைப்படை மாதம் அப்பா, இரட்டைப்படை மாதம் அம்மா என்று வைத்துக்கொண்டாலும் சரி. "உன் வேலையைவிட என் வேலை முக்கியம்" என்ற பேச்சுக்கே இடம் வராது.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். பிள்ளையின் எடை, டாக்டர் எழுதிக் கொடுத்த ஜுர மருந்தின் அளவு, ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அதன் பெயர், டாக்டர் நம்பர், ஆம்புலன்ஸ் 108. ஆயா மட்டும் வீட்டில் இருக்கும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும். மருந்து கொடுத்த நேரத்தை அதிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பாவும் கொடுத்துவிடுவார்.

லீவையும் சேமிக்க வேண்டும். தொழிற்சாலைக் கணக்கில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு சேர்கிறது. சேர்ந்த அத்தனையையும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் செலவழித்துவிட்டால், மழைக்காலக் காய்ச்சல் வரும் அக்டோபர், நவம்பரில் சம்பளம் பிடிபடும். மூன்று நாளாவது தொடாமல் வையுங்கள்.

எட்டாம் படி: வேலை இடத்தில் பேசுங்கள்

"எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்" என்று போய் நின்றால் ஆறுதல்தான் கிடைக்கும். நேரமும் மாற்றும் சேர்த்துக் கேளுங்கள்: "சார், செவ்வாய், வியாழன் மட்டும் அரை மணி முன்னாடி கிளம்பணும். அந்த அரை மணிய காலைல வந்து ஈடு கட்டிடறேன். ரெண்டு மாசம் பாத்துட்டு சரியா வரலன்னா நிறுத்திக்கலாம்." எந்த நாள், எவ்வளவு நேரம், வேலை எப்படி ஈடாகும், எத்தனை நாளைக்கு என்று நான்கும் இருந்தால் மேனேஜருக்குச் சரி சொல்வது எளிது. சூப்பர்வைசர் மாறினாலும் பேச்சு நிற்க வேண்டும் என்பதால் ஒரு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கொடுத்ததைத் தயங்காமல் கேளுங்கள். மகப்பேறு சலுகையில் 2017-இல் வந்த திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க நாளில் இரண்டு இடைவேளை உண்டு. தோல், ஷூ தொழிலில் இத்தனை பெண்கள் வேலை பார்க்கும் இந்தப் பக்கத்தில் இது ஒவ்வொரு லைனிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

ஒன்பதாம் படி: வருடத்தை ஒரு காலண்டரில் பாருங்கள்

மளிகைக் கடையில் கொடுக்கும் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டரே போதும். ஜூனில் பள்ளி திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில், வண்டி இன்ஷூரன்ஸ். பிள்ளைக்கு 5-6 வயது, 10 வயது, 16 வயதில் போட வேண்டிய தடுப்பூசிகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். நம் ஊர்த் தேதிகளையும் போடுங்கள்: சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளை, வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகை, சொந்த ஊரில் கூழ் வார்க்கும் நாள். போக்குவரத்தும் மாறும், விருந்தாளியும் வருவார்கள், லீவும் தேவைப்படும். அந்த வாரங்களில் ஆபீஸில் புதிதாக எதற்கும் தலையாட்டாதீர்கள்.

கடைசிப் படி: ஞாயிறு சாயந்திரம் இருபது நிமிடம்

காபி குடிக்கிற நேரத்தில் வீட்டில் எல்லோரும் காலண்டருக்கு முன்னால் உட்காருங்கள், பிள்ளைகளும். வரும் வாரத்தில் வழக்கத்துக்கு மாறானது என்ன என்று மட்டும் பாருங்கள்: பி.டி.ஏ. மீட்டிங், ஆடிட், ஷிப்ட் மாற்றம், ஆயாவுக்குக் கண் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். பேர் கிடைக்காத வேலை இருந்தால், அதை அந்த வாரம் அடிப்பதா, காசு கொடுத்துச் செய்விப்பதா, தள்ளிப்போடுவதா என்று அங்கேயே முடிவு.

இன்னொரு கேள்வியும் அன்று கேளுங்கள்: இந்த வாரம் யாருக்கு எப்போது தனியாக ஒரு மணி நேரம்? அம்மாவுக்குப் புதன் சாயந்திரம் என்றால் காலண்டரில் எழுதுங்கள், அந்த நேரத்துக்கு அப்பா பொறுப்பு. கோட்டை மைதானத்தில் நடக்கலாம், ஜலகண்டேஸ்வரர் கோயிலில் உட்கார்ந்திருக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எப்படிக் கழிக்கிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எழுதாத ஓய்வு நடக்காது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நாற்பது பக்க நோட்டை மறுபடி ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பள்ளி திறந்த ஜூனிலும், ஷிப்ட் மாறும்போதும், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும்போதும் வேலைகள் சத்தமில்லாமல் பழைய தலைக்கே திரும்பிவிடும். மூன்றாவது பத்தியில் ஒரே பேர் தொடர்ந்து பத்து வரி வந்துவிட்டால், அடுத்த ஞாயிறு நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.